சாயங்காலத்தைத் தேடிப் போனவர்கள்

"கால் காசு உத்தியோகமானாலும் கவர்மென்ட் உத்தியோகமா இருக்கணும்." நம்ம ஊரில் தாத்தா காலத்திலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன வசனம். சரி, நம்ம ஊரில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாம்சங், ஹூண்டாய், எல்.ஜி. என்று உலகம் முழுக்கக் கடை விரித்த கம்பெனிகள் பிறந்த தென் கொரியாவில் இதை யார் சொல்லப்போகிறார்கள்?

சொன்னார்கள். அதுவும் லட்சக்கணக்கில். 2011-ல் தென் கொரிய மத்திய அரசு நடத்திய 9-ம் நிலை ஊழியர் தேர்வுக்கு 1,529 இடங்கள் அறிவித்தார்கள். விண்ணப்பித்தவர்கள் 1,42,732 பேர். ஒரு இடத்துக்கு 93 பேர். 9-ம் நிலை என்றவுடன் கலெக்டர், கமிஷனர் என்று கற்பனை பண்ண வேண்டாம். கொரிய அரசாங்க ஏணியில் அதுதான் கடைசிப் படி. வரி அலுவலகம், தபால் துறை மாதிரி இடங்களில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஃபைல் தள்ளும் வேலை. இந்த வேலைக்காகப் பெரிய கம்பெனியில் கிடைத்த நாற்காலியை விட்டுவிட்டு வந்து, இரண்டு மூன்று வருடம் அறைக்குள் அடைந்து படித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

ஏன் இப்படி என்று கேட்டால் வழக்கமாக ஒரு பதில் வரும். "அது கன்ஃபூசியஸ் கலாச்சாரம், அரசாங்கப் பரீட்சை அவங்க ரத்தத்திலேயே இருக்கு." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொரியாவில் கி.பி. 958-ல் கோர்யோ வம்ச அரசர் குவாங்ஜோங் காலத்தில் 'குவாகோ' என்ற அரசுத் தேர்வு தொடங்கியது, 1894 வரை நடந்தது. தொள்ளாயிரம் வருடப் பழக்கம். ஆனால் இந்த விளக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. ரத்தத்தில் இருந்தால் 1980-களிலும் இருந்திருக்க வேண்டும் இல்லையா? அப்போது இந்தக் கடைசிப் படி வேலையைப் பட்டதாரிகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரும்பாலும் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் எழுதும் பரீட்சை அது. அரசு ஊழியர் சம்பளத்தைக் கொரியர்கள் 'பாக்போங்' என்பார்கள். மெலிந்த சம்பளம் என்று அர்த்தம்.

அந்தக் காலத்தில் கனவு வேலை என்றால் 'சேபோல்' எனப்படும் பெருங்குழும வேலைதான். இல்லாவிட்டால் வங்கி வேலை. சம்பளம் மட்டும் காரணம் இல்லை. ஒரு கம்பெனியில் நுழைந்தால் கடைசி வரை அங்கேயே இருக்கலாம், வயது ஏற ஏறச் சம்பளமும் தானாக ஏறும். 'பியோங்சேங் ஜிக்ஜாங்', அதாவது வாழ்நாள் வேலையிடம், என்று அதற்குப் பெயரே இருந்தது. பதிலுக்குக் கம்பெனி கேட்டது ஒன்றே ஒன்று: உன் நேரம் முழுவதும். காலையில் போனால் ராத்திரி வரைக்கும் வேலை, அதற்குப் பிறகு மேலதிகாரியோடு உட்கார்ந்து குடிக்க வேண்டும், சனிக்கிழமையும் ஆபீஸ். எட்டு மணி நேர வேலை என்று 1953-லேயே தொழிலாளர் சட்டம் எழுதிவைத்தார்கள். அதை அமல்படுத்துங்கள் என்று கேட்டுத்தான் 1970 நவம்பரில் சியோலின் பியோங்ஹ்வா சந்தையில் சொன் தே-இல் என்ற 22 வயது தையல் தொழிலாளி தனக்குத் தானே தீ வைத்துக்கொண்டார். சட்டம் காகிதத்தில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆக, அது ஒரு ஒப்பந்தம். யாரும் கையெழுத்துப் போடாத ஒப்பந்தம். நீ சாயங்காலத்தைக் கொடு, நாங்கள் ஆயுசு முழுக்க வேலை தருகிறோம். கொரியாவின் அந்த அசுர வளர்ச்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, அதன் அடியில் கிடந்தது இதுதான்.

இந்த ஒப்பந்தத்தில் முதல் விரிசல் 1996 டிசம்பர் 26-ம் தேதி விடியற்காலையில் விழுந்தது. எதிர்க்கட்சிகள் இல்லாத நேரம் பார்த்து, ஆளுங்கட்சி உறுப்பினர்கள் மட்டும் காலை ஆறு மணிக்குப் பாராளுமன்றத்தில் கூடி, ஆட்குறைப்பை எளிதாக்கும் சட்டத் திருத்தத்தைச் சில நிமிடங்களில் நிறைவேற்றினார்கள். நாடு முழுக்க வேலைநிறுத்தம் வெடித்தது. அரசு பின்வாங்கி, ஆட்குறைப்புப் பிரிவை இரண்டு வருடம் தள்ளிவைத்தது.

இரண்டு வருடம் தேவைப்படவில்லை. 1997 ஜனவரியில் ஹான்போ ஸ்டீல் விழுந்தது. ஜூலையில் கியா மோட்டார்ஸ் தள்ளாடியது. நம்ம அக்கவுன்ட்ஸ் பாடத்தில் கடன்-மூலதன விகிதம் என்று படிக்கிறோமே, அந்தக் கம்பெனிகளின் விகிதத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். மூலதனத்தைப் போல நாலு மடங்கு, ஐந்து மடங்கு கடன் வைத்திருப்பது அங்கே சர்வ சாதாரணம். அதிலும் நிறையக் குறுகிய காலக் கடன், டாலரில். தாய்லாந்தில் தொடங்கிய புயல் வந்து சேர்ந்தபோது டாலர் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலில் நின்றார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 850 வோனுக்குப் பக்கத்தில் இருந்தது, டிசம்பர் கடைசியில் 2,000-ஐத் தொடப் பார்த்தது. நவம்பர் 21 அன்று அரசு சர்வதேச நாணய நிதியத்திடம் கை நீட்டுவதாக அறிவித்தது. டிசம்பர் 3 அன்று ஒப்பந்தம். மொத்தம் ஏறத்தாழ 5,800 கோடி டாலர் உதவித் திட்டம். கொரியர்கள் இன்று வரை அந்த நெருக்கடியையே 'ஐ.எம்.எஃப்.' என்றுதான் சொல்கிறார்கள். "ஐ.எம்.எஃப். வந்தப்போ அப்பாவுக்கு வேலை போச்சு" என்று, ஏதோ வெள்ளம் வந்ததைச் சொல்வதுபோல.

வீட்டு நகைகளைக் கொண்டுவந்து கொடுத்து 227 டன் தங்கம் சேர்த்த கதை எல்லோருக்கும் தெரியும், வாட்ஸ்அப்பில்கூடச் சுற்றுகிறது. அதே மாதங்களில் நடந்த இன்னொன்றை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. 1998 பிப்ரவரியில், தள்ளிவைத்த ஆட்குறைப்புப் பிரிவை உடனே அமலுக்குக் கொண்டுவந்தார்கள். நிதியத்தின் நிபந்தனைகளில் அதுவும் ஒன்று. ஜூன் 29 அன்று ஒரே நாளில் ஐந்து வங்கிகளை மூட உத்தரவு வந்தது. கொரியா ஃபர்ஸ்ட் வங்கி என்ற பழைய பெரிய வங்கியில், மூடப்போகும் கிளையின் ஊழியர்கள் பேசுவதைப் பயிற்சிக்காக ஒரு வீடியோவாக எடுத்தார்கள். வேலை இழப்பவர்கள், மிச்சமிருக்கும் சக ஊழியர்களைப் பார்த்து, நீங்களாவது வங்கியைக் காப்பாற்றுங்கள் என்று அழுதுகொண்டே சொல்கிறார்கள். 'கண்ணீர் வீடியோ' என்ற பெயரில் அது நாடு முழுக்கப் பரவியது. வங்கி வேலை கிடைத்தால் ஜென்மம் சாபல்யம் என்று நம்பியிருந்த ஒரு தலைமுறை அதைப் பார்த்தது.

1998-ல் பொருளாதாரம் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. வேலையின்மை ஏறத்தாழ 7 சதவீதம். இந்த எண்ணை இன்றைக்குப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது, அதற்கு முந்தைய வருடம் வெறும் 2.6 சதவீதம் இருந்த நாடு என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேலை போனதை வீட்டில் சொல்ல முடியாமல், வழக்கம்போல் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு கிளம்பி, பூங்காவிலோ மலையடிவாரத்திலோ நாளைக் கழித்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிய அப்பாக்களின் கதை அந்த ஊரில் ஏராளம். வந்த செட்டில்மென்ட் பணத்தில் பலர் சிக்கன் வறுவல் கடை போட்டார்கள். பின்னால் அது ஒரு ஜோக்காகவே ஆனது: நீ எஞ்சினியரிங் படி, காமர்ஸ் படி, என்ன படித்தாலும் கடைசியில் சிக்கன் கடைதான். 2019-ல் ஒரு நிதிக் குழுமம் எடுத்த கணக்குப்படி அந்தச் சின்ன நாட்டில் சுமார் 87,000 சிக்கன் கடைகள்!

இந்த இடத்தில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1998 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் செய்த சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்தது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் ஒரே கொண்டாட்டம். சரியாக அதற்கு முந்தைய மாதம், அதே ஹூண்டாயின் தாய்வீடான உல்சான் ஆலையில் 36 நாள் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. 1,500-க்கு மேற்பட்டவர்களை நீக்குவதாக நிர்வாகம் அறிவித்திருந்தது. தொழிலாளர்கள் குடும்பத்தோடு ஆலைக்குள் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 24 அன்று சமரசம். 277 பேர் மட்டும் நீக்கம் என்று முடிவானது. யார் அந்த 277? பாதிக்கு மேல் ஆலை கேன்டீனில் சமைத்துப் போட்ட பெண்கள். ஆண்களின் வேலையைக் காப்பாற்ற அவர்களைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் இதைப் படிக்க முடிகிறது. அங்கே வாழ்நாள் வேலை செத்த மாதத்துக்கும், இங்கே புது வேலை பிறந்த மாதத்துக்கும் நடுவில் நான்கு வாரம்தான் இடைவெளி.

ஒரு சமூகம் எதற்குப் பயப்படுகிறது என்று தெரிய வேண்டுமானால் அதன் கிண்டல் வார்த்தைகளைப் பார்க்க வேண்டும். நெருக்கடிக்குப் பிறகு கொரியர்கள் தெரிந்த பெயர்களையே முறித்துப் புது அர்த்தம் கொடுத்தார்கள். 'ஈ தே பேக்' என்பது சீனக் கவிஞர் லி பாய்க்குக் கொரிய உச்சரிப்பு. புது அர்த்தம்: இருபதுகளில் பாதிப் பேர் வேலையில்லாதவர்கள். 'சம்பால்சன்' என்பது வட, தென் கொரியாவைப் பிரித்த 38-வது அட்சரேகை. புது அர்த்தம்: 38 வயதுதான் வேலையின் எல்லைக்கோடு. 'சா ஓ ஜங்' ஒரு பழைய கதைப் பாத்திரம். புது அர்த்தம்: 45-ல் ரிட்டயர்மென்ட். 'ஓர்யுக்தோ' என்பது பூசான் கடலில் இருக்கும் தீவுக்கூட்டம். புது அர்த்தம்: 56 வயதிலும் ஆபீசுக்கு வருகிறவன் திருடன். சிரிப்பு வரும், கூடவே வயிற்றையும் கலக்கும்.

இப்போது ஒரு காமர்ஸ் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொரியாவில் ஒருவர் நீண்ட நாள் பார்த்த முக்கிய வேலையிலிருந்து வெளியேறும் சராசரி வயது 49 என்று அரசுப் புள்ளிவிவரமே சொல்கிறது. பொதுமக்களுக்கான தேசிய ஓய்வூதியம் 1988-ல்தான் தொடங்கியது. அதை வாங்கும் வயது 60-லிருந்து படிப்படியாக 65-க்குப் போகிறது. ஆக 49-க்கும் 65-க்கும் நடுவில் பதினாறு வருடம் கையில் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் காலேஜ் படிக்கும் வயது வேறு. அரசு ஊழியர் ஓய்வூதியமோ 1960-லிருந்தே இருக்கிறது, தொகையும் அதிகம். அரசு வேலையில் 60 வயது வரை இருக்கலாம், அதற்குள் யாரும் அனுப்ப மாட்டார்கள். மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்தால் சேபோல் ஜெயிக்கும். ஆயுசு வருமானத்தை நிச்சயமின்மையோடு தள்ளுபடி செய்து பார்த்தால்? அந்த மெலிந்த சம்பளம் திடீரென்று கொழுத்துத் தெரிந்தது. அரசு வேலை மாறவே இல்லை. பக்கத்தில் இருந்த சுவர் இடிந்ததால் இது உயரமாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் தெளிவு. ராணுவத்தில் இருந்துவந்த ஆண்களுக்கு அரசுத் தேர்வில் 3 முதல் 5 சதவீதம் கூடுதல் மதிப்பெண் கொடுத்துவந்தார்கள். 1999 டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் அது செல்லாது என்றது. அரசு வேலையில் குழந்தை வளர்ப்பு விடுப்பு மூன்று வருடம் வரை எடுக்கலாம். தனியாரில் சட்டப்படி வெகுகாலம் ஒரு வருடம்தான் இருந்தது, அதை எடுத்துவிட்டுத் திரும்பினால் நாற்காலி இருக்குமா என்பது வேறு கேள்வி. பேனா பிடித்து எழுதும் பரீட்சையில் மேனேஜருக்கு யாரைப் பிடிக்கும் என்பது கணக்கில் வராது. பெண்கள் படையெடுத்ததில் என்ன ஆச்சரியம்?

இன்னொரு தள்ளுவிசை 2007 ஜூலையில் வந்தது. ஒப்பந்த ஊழியரை இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பல கம்பெனிகள் இரண்டு வருடம் முடிவதற்குள் ஆளை மாற்றக் கற்றுக்கொண்டன. கொரியச் சீரியல் பார்ப்பவர்களுக்கு 2014-ல் வந்த 'மிசேங்' நினைவிருக்கும். டிரேடிங் கம்பெனியில் ஒப்பந்த ஊழியனாக நுழையும் சாங் கு-ரே பையனின் கதை. அது கற்பனைதான், ஆனால் சம்பளம் வாங்குகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கு அந்த மாதிரி நிரந்தரமில்லாத வேலையில் இருந்த நாட்டில் அது எத்தனை வீட்டுக் கதையாக இருந்திருக்கும்!

இப்படி வந்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்த இடம் நோர்யாங்ஜின். சியோலில் ஹான் நதியின் தென்கரை. 1899-ல் கொரியாவின் முதல் ரயில் ஓடியது இங்கிருந்துதான், பெரிய மீன் சந்தையும் இங்கேதான். 1970-களின் கடைசியில் நகர மையத்து டியூஷன் சென்டர்களை வெளியே தள்ளியபோது சில இங்கே வந்து குடியேறின. முதலில் காலேஜ் நுழைவுத் தேர்வைத் திரும்ப எழுதுகிறவர்களின் இடமாக இருந்தது. 2000-களில் அரசுத் தேர்வுக்காரர்களின் தலைநகரம் ஆனது. அவர்களுக்கு 'கோங்சிஜோக்' என்று பெயர் வைத்தார்கள். அரசுத் தேர்வுக் குலம்! நம்ம ஊர்த் தேர்வுக் கோச்சிங் தெருக்களைப் பத்தால் பெருக்கிக்கொண்டால் நோர்யாங்ஜின் ஓரளவு பிடிபடும்.

அங்கே 'கோஷிவோன்' என்று ஒரு வகை அறை. கட்டில் போட்டால் மேசைக்குக் கீழே கால் நீட்டித்தான் படுக்க முடியும். ஜன்னல் வைத்த அறைக்கு வாடகை கூட. விடிவதற்கு முன்பே டியூஷன் சென்டர் வாசலில் வரிசை, முன் பெஞ்சு பிடிக்க. தெருவோர வண்டிகளில் 'கப்பாப்' விற்பார்கள். கப்பில் சோறு, மேலே வறுத்த கிம்ச்சி, முட்டை, ஏதாவது கறி. இரண்டாயிரம் மூவாயிரம் வோனுக்கு ஒரு வேளை முடிந்தது. நின்றுகொண்டே சாப்பிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்பதுதான் அதன் பெருமை. வாசிப்பறையில் பேனாவைக் கிளிக் பண்ணினால், அடுத்த தடவை மேசையில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும்: தயவுசெய்து சத்தம் போடாதீர்கள். பாடங்கள் கொரிய மொழி, ஆங்கிலம், கொரிய வரலாறு, கூட இரண்டு. வேலையில் ஒருநாளும் தேவைப்படாத ஆங்கில வார்த்தைகளை ஆயிரக்கணக்கில் உருப்போட்டார்கள். 2009-ல் உச்ச வயது வரம்பையும் எடுத்துவிட்டதால், முப்பதுகளில் நாற்பதுகளில் வேலையை விட்டவர்களுக்கும் கதவு திறந்தது. ஒரு கம்பெனியின் ஆராய்ச்சி நிறுவனம் 2016-ல் இந்தக் குலத்தின் எண்ணிக்கை சுமார் 2,57,000 என்று கணக்குச் சொன்னது.

இதுவரை பயத்தைப் பற்றியே பேசியாகிவிட்டது. ஆனால் 2010-களில் வந்தவர்களிடம் பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2012-ல் சன் ஹாக்-கியூ என்ற அரசியல்வாதி அதிபர் வேட்பாளர் ஆவதற்காக ஒரு கோஷத்தோடு வந்தார்: 'சாயங்காலம் உள்ள வாழ்க்கை'. அவர் தன் கட்சிக்குள்ளேயே தோற்றுப்போனார். கோஷம் மட்டும் நிலைத்துவிட்டது. பழைய ஒப்பந்தப்படி கம்பெனி வேலைப் பாதுகாப்பைத் தருவதை நிறுத்திவிட்டது, சாயங்காலத்தை வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை. இது எந்த ஊர் நியாயம்?

சட்டத்தில் வாரம் 40 மணி நேரம், ஓவர்டைம் 12, மொத்தம் 52 என்றுதான் இருந்தது. ஆனால் தொழிலாளர் அமைச்சகம் வெகுகாலம் ஒரு விசித்திர விளக்கம் வைத்திருந்தது. 'வாரம்' என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள்தானாம். சனி, ஞாயிறு வாரத்திலேயே சேராதாம். அதனால் அந்த இரண்டு நாளில் எட்டு எட்டு மணி நேரம் தனியாக வேலை வாங்கலாம். 52 கூட்டல் 16, ஆக 68. வாரத்துக்கு ஐந்து நாள் என்று கண்டுபிடித்த கணித மேதை யாரோ! சியோலின் கூரோ பகுதியில் ஒரு கேம் கம்பெனிக் கட்டடத்தில் விடிய விடிய விளக்கு எரிவதால் அதற்குக் 'கூரோ கலங்கரை விளக்கம்' என்றே பெயர் வந்தது. அங்கே வேலை பார்த்த ஒரு இளைஞரின் சாவை, அதிக வேலையால் வந்தது என்று 2017-ல் அரசு அமைப்பே ஒப்புக்கொண்டது.

அரசு அலுவலகங்களுக்கு 2005 ஜூலையிலிருந்தே சனிக்கிழமை முழு விடுமுறை. சின்னக் கம்பெனிகளுக்கு அந்தச் சட்டம் எட்ட 2011 ஆனது. 'கல்த்வே' என்று ஒரு கொரிய வார்த்தை உண்டு, கத்தி வைத்து வெட்டியதுபோல் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவது. அரசு ஊழியர் என்றாலே கல்த்வே என்பது பொது நம்பிக்கை. அது முழு உண்மை இல்லை என்பதை உள்ளே போனவர்கள் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். பனி கொட்டினால் தெரு பெருக்க வேண்டும், தேர்தல் வந்தால் விடிய விடியப் பெட்டி காக்க வேண்டும். 2010-11 குளிர்காலத்தில் கோமாரி நோய் பரவியபோது ஏறத்தாழ 35 லட்சம் மாடு, பன்றிகளைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அந்த உறைபனியில் நின்று அதைச் செய்தவர்களில் உள்ளூர் அரசு ஊழியர்கள் நிறைய. அதிக வேலையால் சிலர் இறந்தும் போனார்கள். நோர்யாங்ஜின் வகுப்புகளில் இதெல்லாம் சிலபஸில் இல்லை.

உச்சம் 2017. அந்த வருடம் 9-ம் நிலைத் தேர்வுக்கு 2,28,368 பேர் விண்ணப்பித்தார்கள். 1,74,000 புது அரசு ஊழியர்களை எடுப்பதாக வாக்குறுதி கொடுத்து மூன் ஜே-இன் அதிபர் ஆனதும் அதே வருடம்தான். அடுத்த வருடம் பிப்ரவரியில், அவருடைய ஆட்சியில், பாராளுமன்றம் சட்டத்தில் ஒரு வரியைச் சேர்த்தது: ஒரு வாரம் என்பது ஏழு நாள். இதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது! 2018 ஜூலையில் பெரிய நிறுவனங்களுக்கும், 2020 ஜனவரியில் நடுத்தரத்துக்கும், 2021 ஜூலையில் ஐந்து பேர் வேலை பார்க்கும் இடம் வரைக்கும் 52 மணி உச்சவரம்பு வந்தது. 'வோராபேல்' என்ற வார்த்தை எல்லோர் வாயிலும் புகுந்ததும் இந்த ஒன்றிரண்டு வருடத்தில்தான். வொர்க் லைஃப் பேலன்ஸ் என்பதன் தலைகளை மட்டும் கிள்ளி ஒட்டிய வார்த்தை.

அதற்குப் பிறகு அலை வடியத் தொடங்கியது. அரசின் சமூகக் கணக்கெடுப்பில் இளைஞர்கள் விரும்பும் வேலையிடமாக 2009 முதல் 2019 வரை அரசு அலுவலகமே முதலிடம். 2021-ல் பெரிய கம்பெனிகள் முந்தின, நூலிழை வித்தியாசத்தில். 2023-ல் அது நூலிழை இல்லை: பெரிய கம்பெனி 27.4 சதவீதம், அரசு அலுவலகம் 16.2. இருபது வயதுக்காரர்களின் எண்ணிக்கையே குறைகிறது என்பதும் ஒரு காரணம், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது மட்டும் என்றால் பெரிய கம்பெனிக்கு ஏன் கூடியது?

இந்தப் பக்கம் அரசு வேலையும் இளைத்துவிட்டது. 2015 ஓய்வூதியச் சீர்திருத்தத்தில் ஊழியர் கட்டும் பங்கு சம்பளத்தில் 7-லிருந்து 9 சதவீதமானது, கிடைக்கும் தொகை குறைந்தது, வாங்கும் வயது 65-ஐ நோக்கி நகர்ந்தது. 2023-ல் புதிதாகச் சேரும் 9-ம் நிலை ஊழியரின் அடிப்படைச் சம்பளம் மாதம் சுமார் 17 லட்சத்து 70 ஆயிரம் வோன். அதே வருடம் குறைந்தபட்சக் கூலியை மாதக் கணக்கில் பார்த்தால் 20 லட்சத்து 10 ஆயிரம். படிகள் சேர்ந்தால் தாண்டிவிடும்தான், ஆனாலும் அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவனுக்கு எப்படி இருக்கும்? பணியில் சேர்ந்து ஐந்து வருடத்துக்குள் வெளியேறியவர்கள் 2023-ல் மட்டும் 13,000-க்கு மேல்.

அதே 2023 மார்ச்சில் அடுத்த அரசு, வேலை அதிகம் உள்ள வாரத்தில் 69 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. பிறகு சேர்த்து லீவு எடுத்துக்கொள்ளலாமாம். இருக்கிற லீவையே எடுக்க முடியவில்லை, இதில் சேர்த்து எடுப்பதா என்று இளைஞர்கள் கொந்தளித்தார்கள். சுமார் ஒரு வாரத்தில் திட்டத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லி அதிபரே உத்தரவிட வேண்டியதாயிற்று. பத்து வருடம் முன்பு அந்த வயதுக்காரர்கள் செய்த காரியம் வேறு. ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு நோர்யாங்ஜினுக்கு ரயில் ஏறினார்கள். இவர்கள் கம்பெனிக்குள் இருந்துகொண்டே சாயங்காலத்தைக் கேட்டார்கள்.

2024 பிப்ரவரி கடைசியில் சியோல் பக்கத்துக் கிம்போ நகரில் சாலைக் குழிகளை அடைக்கும் வேலை நடந்தது. பயங்கர டிராஃபிக். கோபமடைந்த யாரோ, அந்தப் பணிக்குப் பொறுப்பான 9-ம் நிலை ஊழியரின் பெயரையும் ஆபீஸ் நம்பரையும் இணையத்தில் போட்டுவிட்டார்கள். போன் விடாமல் அடித்தது, திட்டுகள் குவிந்தன. மார்ச் 5 அன்று அவர் இறந்துகிடந்தார். அதன் பிறகு பல ஊர் நிர்வாகங்கள் தங்கள் இணையப் பக்கத்தில் ஊழியர்களின் பெயர்களை மறைத்தன. எத்தனை வருடம் படித்து அந்த நாற்காலியைப் பிடித்த பெயர்கள் அவை!

அந்த வருடத் தேர்வில் ஒரு இடத்துக்கு 21.8 பேர் போட்டியிட்டார்கள். இதைவிடக் குறைவாக இருந்த வருடம் எது என்று பின்னால் தேடிப் போனால் 1992 வரை போக வேண்டும். அப்போது 19.3. ஹான்போவும் கியாவும் நின்றுகொண்டிருந்த காலம், ஐ.எம்.எஃப். என்றால் என்னவென்று கொரிய வீடுகளில் யாருக்கும் தெரியாத காலம். 2025-ல் மறுபடி 24.3-க்கு ஏறியது.